மனசு எப்படி என்று கேட்கிற கேட்

வெளிநாடு போய் வந்தவர்கள் கோபுரத்தைப் பற்றியும் கடலைப் பற்றியும் எழுதுவார்கள். நான் போன இடத்தில் ஒரு வேன், ஒரு வேப்பமரம், ஒரு இரும்புக் கேட், இவற்றைத்தான் நன்றாகப் பார்த்தேன். இதையெல்லாம் எழுதலாமா என்று மகளிடம் கேட்டேன். "எழுதும்மா, யாரு அடிக்கப் போறா?" என்றாள்.

எங்கள் ஊர் மலேசியாவில் கெடா பக்கம். ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்பு படித்து, அங்கேயே முப்பத்தைந்து வருடம் பால்மரம் வெட்டினேன், ரப்பர் பாலுக்காகப் பட்டையைச் சீவுகிற வேலை. இப்போது மகள் கலாவோடு டவுனில் இருக்கிறேன். மருமகன் சிவகாசிப் பக்கத்துப் பையன், எங்கள் நாட்டுக்கு வேலைக்கு வந்தவர். கலாவுக்கு ஏழாம் மாதம். பிரசவத்தின்போது தன் அம்மாவும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று மருமகனுக்கு ஆசை. அந்த அம்மாவோ தனியாக விமானம் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அதனால் போய்க் கூட்டி வரச் சொல்லி என்னை அனுப்பினார்கள். நான் மட்டும் எத்தனை தடவை தனியாக ஏறியிருக்கிறேன் என்று யாரும் கேட்கவில்லை.

சம்பந்தியின் பெயர் மாரிக்கனி. மூன்று வருடத்துக்கு முன் மதுரையில் நடந்த கல்யாணத்தில் ஒரு தடவை பார்த்ததோடு சரி. அன்றைக்கு அவருக்கு ஒரு சேலை கொடுத்தேன். பளபளவென்று, கையில் நிற்காமல் வழுக்குகிற சேலை. கடையில் அரைநாள் நின்று எடுத்தது. அவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "நான் இதெல்லாம் உடுத்துறதில்லையே" என்று கூட்டத்தின் நடுவில் சொல்லி, ஓரமாக வைத்துவிட்டார். அடுத்த பொங்கலுக்கு மருமகனின் போனுக்கு வந்த படத்தில், யாரோ ஒரு பெண் அதே சேலையை உடுத்திக்கொண்டு பொங்கல் பானைக்குப் பக்கத்தில் நின்றாள். வயிறு சரியில்லை, சாப்பாடு வேண்டாம் என்று படுத்துவிட்டேன்.

என் வழக்கமே அதுதான். கோபம் வந்தால் வயிறு சரியில்லை. அழுகை வந்தால் வயிறு சரியில்லை. கணவர் இறந்தபோது மூன்று மாதம் வயிறு சரியில்லாமல் இருந்தது. ரத்தக் கொதிப்பு ஏறியதும் கிளினிக்கில் என்னை ஒரு மூச்சு வகுப்புக்கு அனுப்பினார்கள். அந்த டீச்சர் கண்ணை மூடச் சொல்வார். மூச்சு வருவதையும் போவதையும் சும்மா பார்க்கச் சொல்வார். "மனசுல என்ன வருதோ அதை விரட்டாதீங்க, பிடிச்சு வைக்காதீங்க. பேர் மட்டும் சொல்லுங்க. கோபம்னா கோபம், அவ்வளவுதான்" என்பார். பிறகு ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். என் முறை வருவதற்குள் நான் எழுந்து கழிவறைக்குப் போய்விடுவேன்.

முதல் நாள் மதுரையில் ஏறிய பஸ் விருதுநகரில் படுத்துவிட்டது. டயர் மாற்றும் நேரத்தில் பசியாறலாம் என்று ஒரு கடையில் உட்கார்ந்தேன். இங்கே பரோட்டாவை எண்ணெயில் முக்கிப் பொரிக்கிறார்கள். எங்கள் ஊர் ரொட்டி சானாய் துணி மாதிரி மடியும். இது முறுக்கு மாதிரி இருக்கிறது. நான் அப்படியே எடுத்துக் கடித்தேன். பரிமாறுகிறவர் ஓடி வந்தார். "பெரியம்மா, வெறும் வாயில கடிச்சா பல்லு கையோட வந்துரும். பிச்சுப் போட்டு சால்னாவ ஊத்துங்க. ரெண்டு நிமிசம் ஊறட்டும்" என்று அவரே பிய்த்துப் போட்டு ஊற்றினார். ஊறியது ருசியாகத்தான் இருந்தது. கூச்சத்தில் இன்னொன்று கேட்காமல் எழுந்துவிட்டேன்.

மாரிக்கனி வீடு திருத்தங்கலில். தெருமுனையில் ஒரு அச்சாபீஸ், நாள் முழுக்கத் தடக் தடக் என்று ஓடிக்கொண்டிருக்கும். வீட்டுச் சுவரில் ஏழு காலண்டர் தொங்கியது. அதில் இரண்டு அடுத்த வருடத்துக் காலண்டர். இந்த ஊர்க்காரர்களுக்கு வருடம் முன்கூட்டியே பிறந்துவிடுகிறது.

"வாங்க மதினி, வாங்க! வெயில்ல வாடிப் போயி வந்திருக்கீக. பஸ்ஸு படுத்துச்சாக்கும்?" என்று பையைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவர். ஒல்லி. வெளுத்த நூல் சேலை. வார்த்தைக்கு வார்த்தை மதினி.

இந்தத் தடவையும் ஒரு சேலை கொண்டு போயிருந்தேன், போன தடவையைவிட நல்லதாக. அவர் வாங்கினார். "எதுக்கு மதினி இதெல்லாம்" என்றார். பிறகு நேரே வாசலுக்குப் போய், பக்கத்து வீட்டுச் சுவருக்கு மேலே கையை நீட்டி, "ஏ ராணி, இந்தா" என்று கொடுத்துவிட்டு வெறுங்கையோடு உள்ளே வந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் வாங்கிய பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். பொங்கல் படத்தில் நின்றவள்.

"வயிறு சரியில்லைங்க" என்றேன்.

மாரிக்கனி பதறிப்போனார். எனக்காக எடுத்து வைத்திருந்த கோழியையும் ராணி வீட்டுக்கே கொடுத்துவிட்டார். "மூணு நாளைக்குக் கஞ்சிதேன் மதினி உங்களுக்கு. வயித்த லேசா விடக் கூடாது" என்று ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்தார். சுவருக்கு அப்பாலிருந்து கோழிக் குழம்பு மணந்தது. நான் கஞ்சியைக் குடித்துவிட்டுப் படுத்தேன்.

இரண்டாம் நாள் நாலு மணிக்கே விழித்துவிட்டேன். பால்மரத்துக்குப் போன பழக்கம். எழுந்து பார்த்தால் அவரும் அடுப்படியில் இருக்கிறார். இரண்டு பேரும் ஆளுக்கொரு டம்ளர் காப்பியோடு, என்ன பேசுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தோம். விடிந்ததும் பட்டாசுக் கம்பெனி வேன் வந்தது. அவர் ஏறிப் போனார். மருமகன் எங்களிடம் சொல்லியிருந்தது "அம்மா கம்பெனியில் வேலை" என்று மட்டும்தான். நான் மேசை நாற்காலி என்று நினைத்திருந்தேன்.

சாயங்காலம் வந்ததும் முதல் வேலையாக வாசலில் குந்தி, எலுமிச்சந்தோலைப் போட்டுக் கையைத் தேய்த்தார். உள்ளங்கைக் கோடுகளிலும் நகக்கண்ணிலும் வெள்ளி மாதிரி ஒரு மினுக்கம். அரைமணி நேரம் தேய்த்தும் போகவில்லை. என்ன அது என்று கேட்டேன்.

"மருந்து மதினி. வெடிக்குள்ள செலுத்துற மருந்து. தோலுக்குள்ள ஏறிப் போச்சு" என்றார். அப்புறம் அவரே பேச்சைத் தொடர்ந்தார். "எங்க கேட்டுல ஒரு கூத்து நடக்கும், சொன்னா நம்ப மாட்டீக. காலைல போர்மேன் அண்ணாச்சி நின்னுக்கிட்டு ஒவ்வொருத்தரையாக் கேப்பாரு, 'மனசு எப்பிடி?'ன்னு. நல்லாருக்குன்னா மருந்து ரூம்பு. கலக்கமா இருக்குன்னு சொன்னா அன்னைக்குப் பூராம் பேப்பர் பக்கம். குழாய் சுத்தணும், லேபிள் ஒட்டணும். ஏன் எதுக்குன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாக."

"எதுக்குங்க அப்படி?"

"மருந்துக்கு நம்ம மூஞ்சியா தெரியும்? கைதேன் தெரியும். கோவத்துல கை வெடுக்குனு போகும். அங்கன வெடுக்குனு ஒண்ணும் செய்யக் கூடாது மதினி."

எங்கள் தோட்டத்திலும் விடியுமுன் வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவார்கள். அதற்குப் பெரட்டு என்று பெயர். தலையைத்தான் எண்ணுவார்கள். மனசை ஒரு கங்காணியும் கேட்டதில்லை. ஆனால் கை விஷயம் எனக்குத் தெரியும். வீட்டில் சண்டை போட்டுவிட்டுப் போன நாளில் கத்தி ஆழமாக இறங்கிவிடும். மரத்தில் அந்த இடம் முண்டு முண்டாகத் தடித்துப் போகும். வருடக் கணக்கில் அப்படியே நிற்கும்.

"நீங்க என்ன சொல்வீங்க?" என்று கேட்டேன்.

"நானா?" மாரிக்கனி நிமிர்ந்து சிரித்தார். "பதினெட்டு வருசமா நல்லாருக்குதேன். எம் புருசன் செத்துப் பதினாறு முடிஞ்சு போனன்னைக்கும் நல்லாருக்குன்னுதேன் சொன்னேன். கலக்கம்கிற சொல்லு இந்த வாயில வந்ததே இல்ல."

பெருமையாகத்தான் சொன்னார். எனக்கு அது என் 'வயிறு சரியில்லை' மாதிரி தோன்றியது.

மூன்றாம் நாள் காலையில்தான் நான் அந்தப் பாவத்தைச் செய்தேன்.

அவர் அவசரமாகத் தலைமுடியை நூலால் கட்டிக்கொண்டிருந்தார். ராணி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "மாரியக்கா, புதுச் சேல கலரு அருமையா இருக்கு. பொங்கலுக்கு ஒருக்கா நான் உடுத்திக்கிடவா?"

"உடுத்திக்கோடி, யாரு வேணாம்னா?"

மூன்று வருடமாக வாய்க்கு வராதது அத்தனையும் ஒரே மூச்சில் வந்துவிட்டது. "நான் குடுக்கிறதெல்லாம் ஊராருக்குத்தானா? உங்களுக்கு எங்களைப் பிடிக்கலைன்னா நீங்க வரவே வேணாம். என் பேரப்பிள்ளை மேல உங்க கை பட வேணாம்!"

இவ்வளவு சத்தமாக நான் பேசி நானே கேட்டதில்லை. ராணியின் தலை சுவருக்குப் பின்னால் மறைந்தது. மாரிக்கனி குனிந்து தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார். வாசலில் வேன் ஹாரன் அடித்தது. "மாரியக்கா, வாரியா, இல்ல சம்பந்தியோட சினிமாவுக்குப் போறியா?" என்று டிரைவர் கத்த, உள்ளே இருந்த பெண்கள் சிரித்தார்கள். அவர் போய் ஏறிக்கொண்டார். சோற்று வாளி அடுப்புத் திட்டிலேயே இருந்தது.

வேன் சத்தம் மறைந்தபிறகுதான் எனக்கு உறைத்தது. கேட்டில் அண்ணாச்சி கேட்பார். இவர் நல்லாருக்கு என்பார். பதினெட்டு வருடமாகச் சொன்னதைத்தானே இன்றைக்கும் சொல்வார்? அப்புறம் அந்த மருந்து ரூமில் அந்தக் கை.

வாளியை எடுத்துக்கொண்டு ஓடினேன். ராணியிடம் வழி கேட்கவே வெட்கமாக இருந்தது. ஆனாலும் கேட்டேன். பஸ் ஸ்டாப்பில் யாரிடமும் கேட்கக் கூசி, முதலில் வந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். அதுதான் தப்பு.

பக்கத்தில் ஒரு முஸ்லிம் அம்மா உட்கார்ந்திருந்தார். விருதுநகரில் அவர்களுக்குப் பாத்திரக் கடையாம். சூலக்கரைக் கலெக்டர் ஆபீசுக்கு மனுவோடு போகிறார். சூலக்கரை நெருங்கும்போது என் வாளியைப் பார்த்தார். "இம்புட்டு இறுக்கிப் பிடிச்சிருக்கீகளே, உள்ள தங்கமா வச்சிருக்கீக?"

"சாப்பாடுங்க. வெடிக் கம்பெனிக்கு" என்று ஊர்ப் பெயரைச் சொன்னேன்.

"அல்லாவே! அது சிவகாசிக்கு அங்கிட்டுல்ல. இது சூலக்கரை போற பஸ்ஸு." என் முகத்தை உற்றுப் பார்த்தார். "ஏன் இப்பிடி வேர்த்து ஊத்துது? என்ன செய்யுது உங்களுக்கு?"

வயிறு என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வகுப்பு டீச்சரின் முகம் ஞாபகம் வந்தது. கண்ணை மூடினேன். ஒரு மூச்சு உள்ளே, ஒரு மூச்சு வெளியே. உள்ளே பார்த்தேன். வயிற்றில் ஒன்றும் இல்லை. நெஞ்சு படபடத்தது. விரல் நுனியெல்லாம் சில்லிட்டிருந்தது.

"பயமா இருக்குங்க" என்றேன்.

"அம்புட்டுத்தானா? சரி, வாங்க, இறங்குவோம். ரெண்டு பேருமாச் சேந்து பயப்படுவோம்" என்றார்.

சூலக்கரையில் என்னோடு இறங்கி, திரும்பிப் போகிற பஸ் வரும்வரை வெயிலில் நின்றார். என்ன ஏது என்று நோண்டவில்லை. "உங்க மனு?" என்று கேட்டேன். "அது எங்க போகப் போகுது? நாலு தடவ குடுத்தாச்சு. அங்கனதான் நல்லாத் தூங்குது" என்றார். பஸ் வந்ததும் கண்டக்டரிடம், "தம்பி, இவுக மலேசியா. தூங்கி வழிஞ்சு அடுத்த ஊர்ல இறக்கிராத" என்று சொல்லி ஏற்றிவிட்டார். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

திரும்பும் வழியெல்லாம் காது வெளியிலேயே இருந்தது. ஒரு கதவு அடித்தாலும் தூக்கிப் போட்டது. ஆனால் பேர் சொன்னபிறகு ஒரு வித்தியாசம். பயம் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தது. எழுந்து போகவில்லை, மடியில் ஏறி உட்காரவும் இல்லை. வருகிறாயா, வா என்று மூச்சை எண்ணிக்கொண்டு வந்தேன்.

இறங்கி, கரிசல் காட்டு வழியே நடந்து கம்பெனி கேட்டுக்குப் போனபோது உச்சி வெயில். கேட் ஓரத்தில் தரையோடு, உடம்பில் ஏறிய மின்சாரம் இறங்க மிதித்துப் போகிற ஒரு செம்புத் தகடு, வரிசையாகத் தண்ணீர் வாளிகள், மணல் வாளிகள். எல்லாம் அமைதியாக இருந்தது. எனக்கு அழுகை வந்தது.

"அங்கனயே நில்லுங்க தாயி! வராதீக!" வாட்ச்மேன் இரண்டு கையையும் நீட்டி ஓடி வந்தார். "இந்தச் சேலையோட கேட்டுக்கிட்ட வரக் கூடாது. அந்த வேப்பமரத்துக்கு அங்கிட்டு நில்லுங்க."

"சேலைக்கு என்னங்க?"

"இந்த வழவழச் சேல உரசுனா பொறி கெளம்பும் தாயி. பொறி ஒண்ணு போதும்ல? இங்கன நூல் சேல மட்டுந்தேன். கொண்டை ஊசிகூட ஆகாது."

நான் என்னைக் குனிந்து பார்த்தேன். மாரிக்கனிக்கு இரண்டு தடவை கொண்டு வந்ததும் இதே வகைச் சேலைதான்.

வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு, "மாரிக்கனி..." என்றேன்.

"மலேசியா சம்பந்தியா நீங்க? மாரியக்கா இன்னைக்குப் பேப்பர் பக்கம்ல இருக்காக. காலைல வந்து கலக்கமா இருக்குன்னுட்டாக! போர்மேன் அண்ணாச்சியே ஆடிப் போயி ரெண்டு தடவ கேட்டாரு."

வாளியோடு வேரிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சாப்பாட்டு நேரத்துக்கு மாரிக்கனி வெளியே வந்தார். விரலெல்லாம் பசை. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். "சோறு கொண்டாந்தீகளா" என்றார். அவ்வளவுதான்.

"சேலை விஷயத்தை ஏங்க சொல்லலை?"

"என்னத்தச் சொல்ல? எம் மகன் கம்பெனியில வேலைன்னு சொல்லி வச்சிருக்கான். மருந்துக்குள்ள கெடக்கேன்னு கல்யாண மண்டபத்துல மைக்குப் பிடிச்சா சொல்ல முடியும்?"

"லீவு நாளுக்கு உடுத்தலாமே."

"வீட்டுல ஒண்ணு கெடந்தா, கரண்டு போன ஒருநாள் அவசரத்துல அதச் சுத்திக்கிட்டு வேன்ல ஏறிருவேன். என்னைய நானே நம்ப மாட்டேன் மதினி. அதேன் ராணி பெட்டியில கெடக்கு. ரெண்டும் பத்திரமா இருக்கு. ஆசைப்பட்டாளேன்னு ஒருக்கா உடுத்தச் சொன்னேன்." பசைக் கையை மடியில் வைத்து விரித்தார். "கை பட வேணாம்னீகளே... நானும் அதத்தான் யோசிச்சுக்கிட்டு இருந்தேன். எம்புட்டுத் தேய்ச்சும் போக மாட்டேங்குது. இந்தக் கையால பச்சப் பிள்ளையத் தூக்கலாமான்னு."

அந்த எலுமிச்சந்தோல் எதற்கு என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

நிலத்தைப் பார்த்துக்கொண்டு பேசினேன். முகத்தைப் பார்த்தால் வராது. "நான் இந்தக் கையை நினைச்சுச் சொல்லலைங்க. கோபத்துல சொன்னேன். மூணு வருசத்துக் கோபம். இப்ப வெட்கமா இருக்கு."

அவர் வாளியைத் திறந்தார். மூடியில் ஒரு கை சோற்றை எடுத்து வைத்து, குழம்பை ஊற்றி, என் பக்கம் தள்ளினார். "சரி விடுங்க மதினி. இன்னைக்கு நம்ம ரெண்டு பேருமே பேப்பர் பக்கம்தேன்" என்றார். பிறகு திடுக்கிட்டு, "ஆத்தே! உங்களுக்கு வயிறு சரியில்லையே, இது கருவாட்டுக் குழம்பு" என்று மூடியைப் பிடித்து இழுத்தார்.

"வயித்துக்கு ஒண்ணும் இல்லைங்க" என்றேன். "முதல் நாளும் ஒண்ணும் இல்லை."

அவர் மூடியை விட்டுவிட்டு, வாட்ச்மேன் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார். கஞ்சி குடித்து மரத்துப்போன நாக்குக்கு அந்தக் கருவாட்டுக் குழம்பு எப்படி இருந்தது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை.

அடுத்த இரண்டு நாளும் சும்மா போயின. நான் கோழி தின்றேன், கருப்பட்டி மிட்டாய் தின்றேன், பொரித்த பரோட்டாவில் இரண்டாவதைக் கேட்டு வாங்கித் தின்றேன். அவர் கேட்டில் நல்லாருக்கு என்று சொல்லி மருந்து ரூமுக்கே போனாராம். உண்மையாகவே நல்லாருந்துச்சு, அதான் சொன்னேன் என்றார்.

புறப்படுகிற காலையில் ராணி ஒரு பிளாஸ்டிக் பையைச் சுவருக்கு மேலே நீட்டினாள். எங்கள் ஊர்த் துணிக்கடைப் பை. மூன்று வருடமாகக் கசங்காமல் இருந்தது. மாரிக்கனி உள்ளே போய் வெகுநேரம் கழித்து வந்தார். கல்யாணத்தில் நான் கொடுத்த சேலை. கொசுவத்தை ஒரு கையாலும் தோளை இன்னொரு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். "விலாங்கு மீனப் பிடிச்ச மாதிரி நழுவுது. எப்பிடித்தேன் இத உடுத்துறீகளோ! மூணு மாசத்துக்கு எனக்கு வேன் கெடையாதுல்ல, அதேன். புதுசு, பிள்ளைக்குப் பேர் வைக்கிற அன்னைக்கு."

அந்த நேரம் பார்த்து வேன் வந்து நின்றது. ஜன்னலெல்லாம் தலைகள். "ஏ மாரியக்கா! தீபாவளிக்கு முன்னாடியே மத்தாப்பு கொளுத்திட்டியா!" என்று ஒருத்தி கத்தினாள். டிரைவர் போர்மேன் குரலில், "மாரிக்கனி, மனசு எப்பிடி?" என்றார்.

"கலக்கமா இருக்குலே! பிளேன்ல ஏறப் போறேன்ல!"

வேன் முழுக்கச் சிரிப்பு. பிறகு அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. ஓடி ஒளிய அந்த வீட்டில் கழிவறை கொல்லைப்புறம், ரொம்ப தூரம். "மலேசியாக்கார அம்மா, உங்களுக்கு?" என்றார் டிரைவர்.

ஒரு மூச்சு உள்ளே. ஒரு மூச்சு வெளியே.

"சந்தோஷமா இருக்கு" என்றேன், கடைசி சீட்டில் இருந்தவளுக்கும் கேட்கிற மாதிரி.